தூமன்னி முனையின் பென்சில் புத்தகம்

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தின்றதை மறுபடியும் கண்ணால் பார்க்க வேண்டிவரும் என்று வேலைக்குச் சேரும்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் அளவாகத் தின்றிருப்பேன்.

தூமன்னி முனை வானிலை நிலையத்தில் கக்கூஸ் என்பது நான்கு பலகையும் ஒரு குழியும். குழியில் விழுவது மக்காது, கரையாது. விழுந்த இடத்திலேயே கல்லாகி, மேலே மேலே கோபுரமாக எழும்பும். கோபுரம் உட்காருகிறவனைத் தொட்டுவிடும் உயரத்துக்கு வந்ததும், யாருடைய முறையோ அவன் கடப்பாரையோடு இறங்கி உடைக்க வேண்டும். சில்லு தெறிக்கும்போது வாயை மூடிக்கொள் என்பதுதான் துருவ ஆராய்ச்சியில் நான் கற்ற முதல் பாடம். குழி நிறைந்தால் பலகைகளைக் கழற்றிப் பத்தடி தள்ளி வைத்துப் புதுக் குழி வெட்டுவோம். பழையது உறைமண்ணுக்குள் அப்படியே கிடக்கும். காரா கடலோரத்து உறைமண் என்றைக்கும் உருகாது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் நாங்கள் உட்கார்ந்தோம்.

இந்த ஆகஸ்டில் அது உருகிவிட்டது. கடற்கரைச் சரிவு வாய் பிளந்து, எண்பதுகளின் குழி பக்கவாட்டில் திறந்துகொண்டது. உள்ளே இருந்தது மெதுவாக, அவசரமே இல்லாமல், நாங்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஓடையை நோக்கி நகர ஆரம்பித்தது. ஒரு துருவக் கரடி வந்து முகர்ந்து பார்த்தது. இரண்டு முறை தும்மியது. பிறகு கடலில் இறங்கி நீந்திப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிலையத் தலைவி ரிம்மா ஒசிபவ்னா தேநீர்க் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தாள். என்னைவிட இருபது வயது சிறியவள். சிரிப்பதற்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைப்பவள்.

"யெஃபிம் சவேலியெவிச், டீல என்ன வாடை?"

"வரலாறு, ரிம்மா ஒசிபவ்னா."

"அந்த வரலாற பீப்பாய்ல அடைச்சு மூடி வைங்க. கப்பல் வர நாலு நாள் இருக்கு. நீங்களும் மெக்கானிக் புரோகோரும்."

"நான் நிலையத்தோட வரலாறு எழுதிக்கிட்டிருக்கேனே. தலைமை அலுவலகம் கேட்டிருக்கு. தொண்ணூறாம் ஆண்டு விழா."

"காலைல தோண்டுங்க. சாயங்காலம் எழுதுங்க. ரெண்டும் ஒரே விஷயந்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவளுக்கு நகைச்சுவை உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. தப்பான நேரத்தில் தெரிந்தது.

நிலைய வரலாற்றை என்னிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், இங்கே மிஞ்சியிருப்பவர்களில் பழைய ஆள் நான் என்பதுதான். 1934இல் ஏழு பேர் ஒரு மரவீட்டோடும் ஒரு பசுவோடும் வந்து இறங்கினார்கள், பசு நவம்பர்வரைதான் இருந்தது, என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அதோடு ஒரு தட்பவெப்ப அட்டவணை வேண்டும். தொண்ணூறு வருடம், மாதாமாதம், சராசரி. அந்த அட்டவணையில் 1985-86 குளிர்காலத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. கீழே குறிப்பு: "வானிலைப் பார்வையாளர் த. கிரின்கோவின் அளவுகள் புனையப்பட்டவை எனக் கருதி நீக்கப்பட்டன."

அலுவலகக் கடிதத்தோடு தயீசியா கிரின்கோவின் மனுவின் நகலும் வந்திருந்தது. வருடம் தவறாமல் அனுப்புகிறாள். எப்போதும் ஒரே வரி: "பென்சில் புத்தகத்தைத் தேடுங்கள்." இந்தத் தடவை அலுவலகமும் ஒரு வரி சேர்த்திருந்தது: இந்த அட்டவணையோடு விவகாரம் முடிகிறது, கப்பல் வருவதற்குள் ஆதாரம் எதுவும் கிடைக்காவிட்டால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.

"இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?" என்று ரிம்மா கேட்டாள்.

"ஒரு குளிர்காலம் கூட வேலை பாத்தோம்."

"பொய்யா எழுதினாங்களா?"

"அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. பென்சில் புத்தகம் எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் கையில் அன்று காலைதான் ஒரு கடப்பாரை கொடுக்கப்பட்டிருந்தது.

இங்கே வேலை முறை எளிது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய், காலூன்றி நிற்கும் வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்க்க வேண்டும். குளிரில் மை உறைந்துவிடும் என்பதால் அங்கேயே பென்சிலால் ஒரு சிறு புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்து அதைப் பார்த்து மைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மைப் புத்தகம் அரசாங்கத்துக்கு. பென்சில் புத்தகம் தீர்ந்ததும் கக்கூஸ் ஆணிக்கு. அங்கே காகிதத்துக்கு வேறு கடை கிடையாது.

புயல் அடிக்கும்போது பெட்டிவரை போகும் நாற்பது மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ வேண்டும். அதனால் சில பேர் போக மாட்டார்கள். முந்தைய அளவையும் அதற்கு முந்தையதையும் பார்த்து, கட்டிலில் படுத்தபடியே அடுத்ததைக் கற்பனை செய்து எழுதிவிடுவார்கள். அந்தச் சில பேரில் நானும் ஒருவன். அப்போது வயது இருபத்தைந்து. எழுதுவதில் நல்ல கை. மைனஸ் முப்பத்தேழு புள்ளி இரண்டு, முப்பத்தேழு புள்ளி நான்கு என்று என் எண்கள் அவ்வளவு அழகாக இறங்கும். நிஜமான வானிலைக்கு அந்த ஒழுங்கு வராது.

பிப்ரவரி இருபத்துமூன்று எங்கள் ஊரில் ஆண்களுக்கான பண்டிகை. ஆண்கள் என்றால் 1986இல் இங்கே மூன்று பேர்: தலைவர் கொர்னேய் லூகிச், மெக்கானிக், நான். கருவிகள் துடைக்கக் கொடுத்த ஸ்பிரிட்டில் கருவிகளுக்கு ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. தயீசியா மட்டும் வெளியே போய் வந்துகொண்டிருந்தாள். நள்ளிரவிலிருந்து காலை ஒன்பதுவரை என் முறை. ஒன்பதுக்கு எழுந்தேன். தலைக்குள் யாரோ பீப்பாய் உருட்டினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அவள் எழுதியிருந்த மைனஸ் முப்பத்தாறை மட்டும் பார்த்தேன். அடுத்த இரண்டு வரியைப் பார்க்கும் அளவுக்குக் கண் திறக்கவில்லை. என் நாலு இடத்தையும் முப்பத்தேழால் நிரப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு லூகிச் கக்கூசுக்குப் போகும் வழியில் படியில் சறுக்கி வால் எலும்பை உடைத்துக்கொண்டார். குப்புறப் படுக்கவைத்தோம். குப்புறப் படுத்த தலைவருக்குச் செய்ய வேறு வேலை இல்லாததால் மைப் புத்தகத்தை வாங்கிப் படித்தார்.

"டேய் யெஃபிம், இதென்னடா? முப்பத்தாறு, பதினொண்ணு, ரெண்டு, மறுபடி முப்பத்தேழு? பிப்ரவரில மைனஸ் ரெண்டா? சோச்சிக் கடற்கரையில வெயில் காயவா வந்திருக்கோம்?"

பதினொன்றும் இரண்டும் தயீசியாவுடையவை. என் எண்கள் நல்ல பிள்ளைகள் மாதிரி இருபக்கமும் நின்று அவளைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருந்தன.

"இவளும் சமையலறைல உக்காந்து நம்ம ஸ்பிரிட்ட குடிச்சிருக்கா. கை போன போக்குல எழுதியிருக்கா. போதாக்குறைக்குப் பாத்திரம் கழுவின தண்ணிய வாசப்படில ஊத்தியிருக்கா, என் எலும்ப ஒடைக்க! போ, பென்சில் புத்தகத்தக் கொண்டா. அதுல தெரியும்."

தயீசியா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். பென்சில் புத்தகம் வாசல் அறை ஆணியில் தொங்கியது. எடுத்தேன். அதில் என் நாலு இடமும் வெறுமையாக இருக்கும். முறையில் தூங்கியவனுக்கும் பொய்யாக எழுதியவனுக்கும் என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்து பார்க்கும் தைரியம்கூட இல்லை. கோட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே போனேன்.

வெளியே போனதும் புரிந்தது. படி, கயிறு, வெள்ளைப் பெட்டி, நாய்க்கூண்டு எல்லாம் கண்ணாடி. இரவெல்லாம் மழை பெய்து, விடியற்காலையில் உறைந்திருக்கிறது. பிப்ரவரியில், எழுபத்தைந்தாம் அட்சரேகையில், மழை. அவள் எழுதியது முழுக்க உண்மை. நான் ஒரு நிமிடம் நின்றேன். இதை எழுதும்போது அந்த ஒரு நிமிடத்தை இரண்டாக்கிச் சொல்லலாமா என்று தோன்றுகிறது. ஒரு நிமிடம்தான் நின்றேன். பிறகு கண்ணாடியில் கவனமாகக் கால் வைத்து நடந்துபோய், புத்தகத்தைக் குழிக்குள் போட்டேன்.

"ஆணியில இல்ல, கொர்னேய் லூகிச்" என்றேன் திரும்பி வந்து.

ஏப்ரலில் விமானத்தில் விசாரணைக் குழு வந்தது. தயீசியா ஒரே பதில்தான் சொன்னாள்: "பென்சில் புத்தகத்தத் தேடுங்க." ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. இரண்டு அளவுகளை மட்டுமல்ல, அவளுடைய குளிர்காலம் முழுவதையும் அடித்துவிட்டு, அதே விமானத்தில் அவளையும் ஏற்றிப் போனார்கள். எந்த நிலையமும் அவளை மறுபடி எடுக்கவில்லை. அர்காங்கெல்ஸ்க் நாடக அரங்கில் பார்வையாளர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலை பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன்.

என் முப்பத்தேழுகள் சராசரிக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டன.

புரோகோர் எங்கள் இப்போதைய மெக்கானிக், சமையல்காரனும் அவன்தான். அதனால் காலையில் குழிக்குள் அவனோடு நிற்பவனுக்கு மதியம் சாப்பாடு இறங்குவதில்லை. தோண்டும்போதும் வாய் ஓயாது. சவேலியெவிச்சைச் சவேலியிச்சாகச் சுருக்கித்தான் என்னைக் கூப்பிடுவான்.

"சவேலியிச், மத்த நாட்டு விஞ்ஞானிங்க பனிக்கட்டியத் துளை போட்டு எடுத்து அடுக்கடுக்கா ஆராய்ச்சி பண்றாங்களாமே. நாம பண்றதும் அதானே?"

"அதேதான். வாயை மூடிக்கிட்டுத் தோண்டு. தெறிக்குது."

அவன் சொன்னதில் தப்பில்லை. அடுக்கு அடுக்காகத்தான் இறங்கினோம். மேலே தொண்ணூறுகள்: வெறும் கிரேச்கா தானியக் கஞ்சி, வேறொன்றும் இல்லை, கப்பல் வராத வருடங்கள். அதற்குக் கீழே பட்டாணி டப்பாக்கள், மீன்முள், செய்தித்தாள். செய்தித்தாள்களில் அந்தந்தக் காலத்துத் தலைவர்கள் மங்காத முகத்தோடு எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். உருகிய அடுக்கிலிருந்து வந்த நாற்றத்துக்கு ஒரு வழவழப்பு இருந்தது. நாக்கில் ஒட்டியது. மீசையில் தங்கியது. என் மீசையை வெட்டிவிட்டேன். அப்படியும் மீசை இருந்த இடம் நாறியது. நாய் என்னைக் கண்டால் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்தது.

நான்கு நாளில் இரண்டு போயிற்று. கிடைக்கக் கூடாது என்று ஒவ்வொரு குத்துக்கும் வேண்டிக்கொண்டேன். கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு குத்துக்கும் பயந்தேன். இரண்டையும் ஒரே கடப்பாரையால்தான் குத்தினேன்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு முன் புரோகோர் ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை மண்வெட்டியில் தூக்கிக் காட்டினான்.

"இதென்ன, குழந்தைங்க நீச்சல் பழகறதா?"

லூகிச்சுடையது. எலும்பு உடைந்த பிறகு வசந்தகாலம்வரை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஆக, இன்னும் ஒரு சாண் கீழே பிப்ரவரி.

கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் தோண்டினேன். மெழுகுத்துணி அட்டை. அதில் கட்டிய நூல். நூலின் நுனியில் பென்சில், பல் கடித்த தடத்தோடு. முப்பத்தெட்டு வருடம் எதன் நடுவில் கிடந்ததோ அதெல்லாம் ஒட்டியிருந்தது. ஆனால் பென்சில் எழுத்து கரையாது. வெயிலில் பிடித்ததும் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

என் வெற்றுப் பக்கத்தைத் தேடினேன்.

வெறுமையாக இல்லை.

இருபத்துநாலாம் தேதி, மணி பூஜ்யம்: மைனஸ் ஒன்று புள்ளி நான்கு. மழை. தயீசியாவின் கையெழுத்து. பக்கத்தில் சின்னதாக: "யெஃபிம் தூங்குகிறான். நானே எடுத்தேன். மையில் அவன் ஏற்றிக்கொள்வான்." மணி மூன்று: மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது. "படியெல்லாம் வழுக்குகிறது. காலையில் சாம்பல் தூவ வேண்டும்." மணி ஆறு: மைனஸ் எட்டு. மணி ஒன்பது: மைனஸ் இருபத்தேழு புள்ளி ஆறு. "சாம்பல் மறந்துவிட்டேன். தூக்கம் தாங்கவில்லை."

தன் முறையை முடித்துவிட்டு என் முறையையும் பார்த்திருக்கிறாள். நாலு தடவை, மழையிலும் கண்ணாடிமேலும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதுவது. எழுதியிருந்தால் எல்லா எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தி, அந்த மழை அட்டவணையில் ஏறியிருக்கும். விசாரணையில் அவள் பார்த்த பார்வை அதுதான். புத்தகம் இல்லாமல் என் பெயரைச் சொன்னால் காட்டிக்கொடுத்ததாக மட்டுமே ஆகும் என்று விட்டிருக்கிறாள். அதற்குப் பின் முப்பத்தெட்டு மனுவிலும் என் பெயரை எழுதவில்லை.

மூன்று நாள் குழிக்குள் நின்றும் வராத வாந்தி அப்போது வந்தது.

"ஆஹா" என்றான் புரோகோர். "இத்தன நாள் கழிச்சா? அப்படி என்ன கெடச்சுது?"

"நான்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. பீப்பாய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இதுவும் உள்ளதானே? மூடிரட்டா?"

பீப்பாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது. போட்டால் பொத்தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. இன்னொரு வழியும் தோன்றியது, என் மூளை அப்படிப்பட்டது: அவளுடைய இரண்டு அளவு இருக்கும் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டால்? ஆனால் அடுத்த பக்கம் இல்லாமல் அவள் பக்கம் நிற்காது. என் முப்பத்தேழுகள் மறுபடியும் இருபுறமும் நின்று அவளைக் கேலி செய்யும்.

"மூடாத" என்றேன். "இது வீட்டுக்கு வருது."

வீட்டுக்குள் வரவில்லை. ரிம்மா வாசலிலேயே கை காட்டி நிறுத்திவிட்டாள். நான் படியில் நின்றபடி, லூகிச் விழுந்த அதே படி, முழுவதையும் சொன்னேன். நடுவில் ஒரு ஜோக்குகூடச் சொல்லாமல் நான் பேசியதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கரடி பார்த்த மாதிரிதான் பார்த்தாள். தும்மவில்லை.

"மத்த வருஷங்கள்ல?"

"அதுக்கு முன்னால ஏழெட்டுத் தடவ. அன்னிக்கு நாலு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. எந்தப் புயல்லயும் போயிருக்கேன். ரெண்டு கால்விரல் போச்சு."

"இத நான் நம்பணுமா?"

"நான் உங்க எடத்துல இருந்தா நம்ப மாட்டேன்."

"நான் என் எடத்துல இருந்தே நம்பல" என்றாள். "முப்பத்தெட்டு வருஷம், யெஃபிம் சவேலியெவிச். பிப்ரவரி மழை இப்ப வருஷா வருஷம் பெய்யுது. முதல்ல எப்ப பெஞ்சுதுன்னு கேக்கறாங்க. நீங்க கக்கூஸ்ல போட்டு வச்சிருக்கீங்க."

உள்ளே போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள். கையுறை போட்டுத்தானே தொட்டாள் என்று நான் யோசித்தேன். பிறகு, அவள் கழுவுவது அதையல்ல என்று தெரிந்தது.

அன்று மாலை ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் எடுத்து, தயீசியாவின் குளிர்காலத்துக்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அழித்தாள். பிறகு 1985இலிருந்து ஆரம்பித்து, என் பெயர் வரும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கேள்விக்குறி போட்டாள். நிதானமாக, கோணாமல் போட்டாள். ஒன்பது மணி ஆனதும் நான் வெள்ளைப் பெட்டிக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள். நான் பார்த்து, குறித்து, நகர்ந்த பிறகு அவளும் குனிந்து பார்த்தாள்.

"ஏழு புள்ளி ரெண்டு" என்றேன்.

"ஏழு புள்ளி ரெண்டு" என்றாள், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு.

அலுவலகத்துக்குச் செய்தி போனது. புத்தகத்தை நானே கப்பலில் எடுத்துப்போய் நேரில் ஒப்படைத்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதற்குள் அதைச் சுத்தம் செய்து, உலர்த்தி, காகித உறையில் போட்டு வைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். நான் வெந்நீரும் மெல்லிய தூரிகையும் எடுத்து வாசல் பீப்பாய்மேல் பரப்பி உட்கார்ந்தேன். நல்ல வேலை. கையால் செய்யலாம், தலை வேண்டாம்.

"நிறுத்துங்க" என்று ரிம்மா ஜன்னலைத் திறந்தாள். கையில் ஒரு தாள். "அர்காங்கெல்ஸ்க்லேர்ந்து இன்னொண்ணு. அலுவலகம் சொல்லியிருக்கு போல. கிரின்கோகிட்டேர்ந்து. உங்களுக்கு."

"படிங்க."

"'புத்தகத்தைக் கழுவ வேண்டாம். அப்படியே மேசைமேல் வைக்கட்டும். அதிகாரிகள் முகர்ந்து பார்க்கட்டும்.'" நிறுத்தி, தாளை மடிக்கப் போனவள், மறுபடி விரித்தாள். "கீழ இன்னொரு வரி இருக்கு. 'கொண்டுவருகிறவனும் கழுவாமல் வரட்டும்.'"

ரிம்மா ஒசிபவ்னா அப்போது சிரித்தாள். அனுமதி இல்லாமல், சத்தமாக. ஜன்னலையும் மூடிக்கொண்டாள்.

அன்று சனிக்கிழமை. புரோகோர் குளியல் வீட்டின் அடுப்பை மூட்டி, கல்லைச் சிவக்கச் சூடாக்கி, முதுகில் அடித்துத் தேய்க்க எனக்காகவே பிர்ச் இலைக் கட்டு ஒன்றை ஊறவைத்திருந்தான். கதவைத் திறந்து நீராவியோடு தலையை நீட்டினான்.

"சவேலியிச்! வா வா! நாலு நாள் அழுக்கு, தோலோட உரிச்சிடறேன்! காலைல கப்பல் வருது, இந்த நாத்தத்தோட ஏறினா மாலுமிங்க கடல்ல தள்ளிவிட்ருவானுங்க!"

நான் வெந்நீரைக் கீழே கொட்டினேன். படியில் கொட்டவில்லை, தள்ளிப்போய்க் கொட்டினேன். புத்தகத்தை அப்படியே மெழுகுத்துணியில் சுற்றிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் செருகிய அதே பக்கம்.

"நீ குளி" என்றேன். "எனக்கு உத்தரவு இல்ல."